போ பிளான் சர்க்கரை ஆலை: கரும்பு போன வழியிலேயே சுற்றிப் பாருங்கள்

மொரிஷியஸில் கடற்கரை பார்த்து அலுத்தவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்களை எங்கே கூட்டிப் போவது என்று முழிக்கும் உள்ளூர்க்காரர்கள், இரண்டு பேருக்கும் நான் சொல்லும் இடம் ஒன்றுதான். பாம்ப்லமூஸ் பக்கத்தில் இருக்கும் போ பிளான் பழைய சர்க்கரை ஆலை. 1999 வரை ஓடிய ஆலை அது. மூடிய பிறகு இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் அப்படியே வைத்து 2002இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பெயர் லாவான்த்யூர் டு சூக்ர், சர்க்கரையின் சாகசம் என்று பொருள். பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிறுவர் பூங்கா என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே விஷயம் நிறைய இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க ஒரு முறை உண்டு, பெரும்பாலானவர்கள் தவறவிடுவது அதைத்தான். நேராகக் கடைசியில் இருக்கும் சர்க்கரை, ரம் ருசி பார்க்கும் மேசையை நோக்கி ஓடுகிறார்கள். வழியில் நிற்கும் பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அது என்ன வேலை செய்தது என்று கேட்பதில்லை.

முதலில் எப்போது போவது என்பது. ஆலை ஓடவில்லை என்பதால் எந்த மாதமும் போகலாம்தான், ஆனாலும் ஜூன் முதல் டிசம்பர் வரை, கரும்பு வெட்டும் கூப் காலத்தில் போனால் சாலையிலேயே பாதி பாடம் முடிந்துவிடும். கரும்பை மலைபோல் ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும், ரோட்டோரம் சிதறிக் கிடக்கும், வெட்டி முடித்த வயலும் வெட்டாத வயலும் அடுத்தடுத்துத் தெரியும். மே, ஜூனில் போனால் கரும்பு பூத்திருக்கும், வயல் முழுக்க வெள்ளியும் ஊதாவும் கலந்த நிறம், அதுவும் ஒரு அழகு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்குப் போனால் நாட்டில் எல்லாமே மூடிவிடும், அருங்காட்சியகமும் திறந்திருக்காது. அதனால் அந்த மாதங்களில் வருபவர்கள் இதைக் கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம்.

போர்ட் லூயியிலிருந்து பாம்ப்லமூஸ் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வடக்குப் பக்கம் போகும் பஸ்கள் இமிக்ரேஷன் ஸ்கொயரிலிருந்து கிளம்பும். பாம்ப்லமூஸ் வழியாகப் போகும் பஸ்ஸா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில பஸ்கள் மோட்டார்வேயில் நேராகக் கிராண்ட் பே போய்விடும். "மியூசே டு சூக்ர்", அதாவது சர்க்கரை அருங்காட்சியகம், என்று கேட்டால் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வார்கள். காரில் வந்தால் சிரமமே இல்லை, மோட்டார்வேயிலிருந்து பாம்ப்லமூஸ் பக்கம் திரும்பினால் புகைபோக்கி கண்ணில் படும். இப்போது சுற்றிலும் புதுக் கட்டடங்களும் கடைத்தெருவும் முளைத்துவிட்டதால் அந்தப் புகைபோக்கியை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

காலையில் திறந்தவுடன் போங்கள். இது வெறும் சம்பிரதாய யோசனை இல்லை. தகரக் கூரை போட்ட பெரிய ஆலைக்கொட்டகை அது, நண்பகலுக்கு மேல் உள்ளே வெக்கை ஏறிவிடும், ஜனவரி பிப்ரவரியில் சொல்லவே வேண்டாம். பக்கத்திலுள்ள தாவரவியல் தோட்டத்தையும் அதே நாளில் பார்ப்பதானால் தோட்டத்தைப் பிற்பகலுக்கு வையுங்கள், அங்கே மரநிழல் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், தோட்டத்தில் நடந்து களைத்துப்போய் ஆலைக்கு வந்து பெஞ்சு தேடுகிறார்கள். ஆலைக்கு மட்டும் இரண்டரை மணி நேரமாவது வேண்டும். பலகைகளைப் படிக்கிறவராக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். எழுத்து எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்தான். கூட வரும் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் நீங்கள்தான் வழிகாட்டி, அதற்குத்தான் கீழே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வெளிநாட்டவருக்கும் உள்ளூர்வாசிகளுக்கும் கட்டணம் வேறு, இங்கே வசிப்பவர்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். தட்டையான செருப்பு அல்லது ஷூ போடுங்கள், மாடிப் படிகளும் இரும்புத் தளங்களும் உண்டு.

சரி, உள்ளே.

பலகைகள் உங்களை வரலாற்று வரிசையில் கூட்டிக்கொண்டு போகும். டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தது, 1710இல் அவர்கள் தீவை விட்டுப் போனது, 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தது, 1735இல் கவர்னராக வந்த லாபூர்தொனே சர்க்கரை ஆலைக்கு வித்திட்டது, 1810இல் ஆங்கிலேயர் பிடித்தது, எல்லாம் வரும். ஆங்கிலேயர் காலத்தில் 1825 ஒரு முக்கியமான ஆண்டு. மொரிஷியஸ் சர்க்கரைக்கு அதுவரை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைவிட அதிக வரி இருந்தது, அந்த ஆண்டில் அதைச் சமமாக்கினார்கள். அதன் பிறகுதான் தீவு முழுக்கக் கரும்பு ஆனது. காபி, கிராம்பு, பருத்தி எல்லாம் ஒதுங்கிக்கொண்டன. இந்தப் பகுதியை வேகமாகவே பார்க்கலாம், வருடங்கள் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

இயந்திரங்கள் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். அங்கே பலகையை விட்டுவிட்டு, நீங்களே ஒரு கரும்புத் துண்டு என்று வைத்துக்கொண்டு நடந்தால் எல்லாம் விளங்கிவிடும். வரிசை இதுதான். வண்டியிலிருந்து இறங்கும் கரும்பை எடை போடுவார்கள், சுழலும் கத்திகள் நறுக்கும், பிறகு மூன்று மூன்று உருளைகளாக நிற்கும் பிழிபொறிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழிவார்கள். கடைசிப் பிழிபொறிக்கு முன் சக்கைமேல் தண்ணீர் தெளிப்பார்கள், மிச்சம் இருக்கும் சர்க்கரையையும் கழுவி எடுக்க. பிழிந்த சக்கை வீணாகாது, கொதிகலனுக்கு அதுதான் விறகு. கரும்பைப் பிழியும் நீராவி அந்தக் கரும்பின் சக்கையிலிருந்தே வருகிறது, இப்போது ஓடும் ஆலைகளில் அதே சக்கையை எரித்து நாட்டுக்கு மின்சாரமும் கொடுக்கிறார்கள்.

சாறு இனி தனி வழி. அழுக்கும் மண்ணும் கலந்து பச்சையாக இருக்கும் சாற்றில் சுண்ணாம்புப் பால் கலந்து சூடாக்குவார்கள், கசடு அடியில் படியும். தெளிந்த சாற்றைச் சுண்ட வைக்க வேண்டும். இங்கேதான் நிற்க வேண்டிய இடம். பழைய காலத்தில் நம் ஊரில் வெல்லம் காய்ச்சுகிற மாதிரியே வரிசையாகத் திறந்த கொப்பரைகள், அடியில் தீ, ஒன்றிலிருந்து அடுத்ததுக்குக் கரண்டியால் ஊற்றிக்கொண்டே போவார்கள். கை வெந்துபோகும், சாறு தீய்ந்துபோகும், விறகு காடு காடாகப் போகும். அதற்கு மாற்றாக வந்தவைதான் நீங்கள் பார்க்கும் உயரமான மூடிய பாத்திரங்கள். முதல் பாத்திரத்தில் கொதிக்கும் சாற்றிலிருந்து வரும் ஆவியே இரண்டாவதைச் சூடாக்கும், இரண்டாவதின் ஆவி மூன்றாவதை. ஒவ்வொன்றிலும் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இதைக் கண்டுபிடித்து 1843இல் காப்புரிமை வாங்கியவர் நோர்பர் ரில்லியூ, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். உலகத்துச் சர்க்கரை ஆலைகள் எல்லாம் இன்றைக்கும் இவருடைய யோசனையில்தான் ஓடுகின்றன. குழாய்கள் ஒரு பாத்திரத்தின் தலையிலிருந்து அடுத்ததின் இடுப்புக்குப் போவதைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், அந்த ஒரு குழாயைப் புரிந்துகொண்டால் மீதி ஆலை தானாகப் புரியும்.

சுண்டிய பாகு அடுத்து வெற்றிடக் கலத்துக்கு. அங்கே பாகில் சர்க்கரை மணி மணியாகப் பிடிக்க வேண்டும். காற்றை உறிஞ்சிவிட்டால் பாகு எழுபது டிகிரி அளவிலேயே கொதிக்கும், கருகாது. எந்த நேரத்தில் மணி பிடித்தது, எப்போது இறக்குவது என்பதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தும், கொஞ்சம் பாகை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தும் சொல்லும் ஆள் ஒருவர் இருப்பார். ஆலையில் அவருக்குத்தான் மரியாதை அதிகம். கலத்தின் பக்கவாட்டில் வட்டமாகச் சின்னக் கண்ணாடி பதித்திருப்பதைத் தேடிப் பாருங்கள், அது அவருடைய ஜன்னல். இறக்கிய குழம்பு, மணியும் பாகும் கலந்தது, சுழலும் ஓட்டைக் கூடைகளில் போகும். வேகமாகச் சுழலும்போது பாகு வெளியே தெறித்துவிடும், மணி கூடையில் ஒட்டிக்கொள்ளும். தெறித்த பாகிலிருந்து மறுபடியும் காய்ச்சி மணி எடுப்பார்கள். இனி எடுக்க முடியாது என்ற நிலையில் மிஞ்சும் கறுப்புப் பாகுதான் ரம்முக்குப் போகிறது. நூறு கிலோ கரும்புக்குச் சர்க்கரை பத்துப் பதினோரு கிலோ வரும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழிய வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் சர்க்கரை தானே மாறிப்போய்விடும், மணி பிடிக்காது. மாட்டு வண்டிக் காலத்தில் அதனால் எஸ்டேட்டுக்கு ஒரு ஆலை வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சின்னத் தீவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள். ஆற்றங்கரையாகப் பார்த்துக் கட்டினார்கள், சக்கரத்தைச் சுற்றவும் தண்ணீர் வேண்டும், கொதிகலனுக்கும் வேண்டும். 1864இல் வடக்கு ரயில் பாதை வந்தது, தூரத்துக் கரும்பை ஒரே பெரிய ஆலைக்குக் கொண்டுபோக முடிந்தது, சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. இன்று மூன்றே ஆலைகள்தான் ஓடுகின்றன. அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும்போது வயல் நடுவே தனியாக நிற்கும் கருங்கல் புகைபோக்கிகளைப் பார்ப்பீர்கள், ஒவ்வொன்றும் அப்படிப் படுத்த ஒரு ஆலை.

இப்போது ஆட்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1834 நவம்பர் 2ஆம் தேதி, அடிமைகளுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய அட்லஸ் கப்பல் வந்துவிட்டது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, மாதச் சம்பளம் ஐந்து ரூபாய், கூடவே அரிசி, பருப்பு, கொஞ்சம் உப்பு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். எஸ்டேட்டைவிட்டு வெளியே கால் வைக்கக் கையில் சீட்டு வேண்டும், 1860களில் அந்தச் சீட்டில் புகைப்படமும் ஒட்டினார்கள். அடிமை முறை பற்றியும் இந்த ஒப்பந்தம் பற்றியும் அருங்காட்சியகத்தில் பலகைகள் இருக்கின்றன, நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் குறை ஒன்று உண்டு. இயந்திரத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியை வயலுக்குக் கொடுத்திருக்கலாம். ஆலைக்குள் வேலை செய்தவர்கள் கொஞ்சம் பேர், வெயிலில் வெட்டியவர்களும் சுமந்தவர்களும்தான் அதிகம். அதனால் வெளியே வந்ததும் வயலைப் பாருங்கள். கரும்புக்கு நடுவே கருங்கல்லைக் குவித்து மேடுகளாக அடுக்கியிருப்பார்கள், சிலது வீட்டு உயரம் இருக்கும். எரிமலைத் தீவு இது, மண்ணில் பாதி கல். ஒவ்வொரு கல்லையும் கையால் பெயர்த்து, தலையில் சுமந்து அங்கே அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்மேட்டின் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி ஒரு கல்லைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. போ பிளானிலிருந்து காரில் சிறிது நேரம்தான், பெல் வ்யூ ஆரெல். 1943 செப்டம்பர் 27ஆம் தேதி கூலி உயர்வும் நல்ல வேலை நிலையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்மேல் போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் அஞ்சலை குப்பன், அப்போது கர்ப்பிணி. மற்ற மூவரும் பெயரைப் பார்த்தாலே நம் ஊர்க்காரர் என்று தெரியும். பெல் வ்யூ மோரெலில் இருக்கும் பெரிய விளையாட்டு மைதானத்துக்கு அஞ்சலையின் பெயர்தான், ஸ்டேடியம் அஞ்சலை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கால்பந்து பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஆலை பார்த்த அன்றே அந்த வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வாருங்கள், இறங்கிப் பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லாவிட்டாலும்.

திரும்ப ஆலைக்கு. கடைசியில் சர்க்கரை ருசி. டிக்கெட்டிலேயே அது சேர்ந்துவிடும். சாதாரண வெள்ளைச் சர்க்கரை கிடையாது, சுத்திகரிக்காத பழுப்புச் சர்க்கரைகள், வெளிர் பொன்னிறத்தில் ஆரம்பித்து மஸ்கோவாடோ, கடைசியில் தார் மாதிரிக் கறுப்பில் முடியும். வெளிர் நிறத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதலிலேயே கறுப்பை வாயில் போட்டால் பிறகு எதுவும் நாக்குக்கு ஏறாது. மேசையில் அவசரப்படுத்த மாட்டார்கள், நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பாருங்கள். கருப்பட்டி பழகிய நாக்குக்கு டார்க் மஸ்கோவாடோ உடனே பிடித்துவிடும், பாயசத்துக்கும் அதிரசத்துக்கும் அதை வாங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரம் ருசியும் உண்டு, வண்டி ஓட்டுபவர் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளட்டும். வாங்கிய பாட்டிலை விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். மஸ்கோவாடோ ஈரப்பதம் உள்ள சர்க்கரை, திறந்து வைத்தால் கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், இறுகிவிட்டால் ஒரு துண்டு ரொட்டியை உள்ளே போட்டு ஒருநாள் மூடி வைத்தால் இளகிவிடும்.

சாப்பாட்டுக்கு வளாகத்திலேயே ஃபாங்கூரின் என்று ஓர் உணவகம் இருக்கிறது. பழைய கரும்புச் சாறு பிழியும் செக்கை நினைவுபடுத்தும் பெயர். நல்ல இடம், தோட்டத்தைப் பார்த்து உட்காரலாம், விலை கொஞ்சம் கூட. பெரிய குடும்பமாகப் போனால் பாம்ப்லமூஸ் ஊருக்குள் போய் பருப்பு வைத்த தோல் பூரி ஒரு ஜோடியும், ஆலுடா என்ற குளிர்ந்த பால் பானமும் சாப்பிட்டுத் திரும்புவதே புத்திசாலித்தனம். கரும்புச் சாறு மட்டும் எங்கே கிடைத்தாலும் குடியுங்கள், அதைத்தானே பார்க்க வந்தோம்.

வெளி வளாகம் விசாலமானது. புல்வெளி, பெரிய மரங்கள், பழைய ஆலையின் உதிரிப் பாகங்கள் அங்கங்கே நிற்கும். சிறுவர்களுக்கு என்று எளிய பலகைகளும் கேள்விகளும் வைத்திருக்கிறார்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கும், நாலைந்து வயதுக் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் நுழைவாயிலிலேயே படி ஏறாமல் பார்க்க எந்த வழி என்று கேட்டுவிடுங்கள்.

பிற்பகல் தோட்டத்துக்கு. 18ஆம் நூற்றாண்டில் பியேர் புவாவ்ர் வளர்த்த தோட்டம், அகன்ற தட்டு மாதிரி இலை மிதக்கும் பெரிய ஆம்பல் குளமும், பல பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்துவிட்டுப் பட்டுப்போகும் தாளிப்பனையும் அங்கே. பிள்ளைகளுக்குக் களைப்பு இல்லையென்றால் மட்டும். நேரம் மிச்சமிருந்து காரும் இருந்தால் நான் தோட்டத்தைவிட பலாக்லாவாவைச் சொல்வேன். சித்ரோன் ஆறு கடலில் சேரும் இடத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆயுதக் கிடங்கும் மாவு ஆலையும் இடிந்து கிடக்கின்றன. இப்போது அது ஒரு பெரிய ஓட்டலின் வளாகத்துக்குள் இருப்பதால் வாசல் காவலரிடம் இடிபாடு பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆற்றுத் தண்ணீரை நம்பி ஆலை கட்டினார்கள் என்று மேலே சொன்னேனே, அதை நேரில் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

அப்பிரவாசி காட் மட்டும் அதே நாளில் சேர்க்காதீர்கள். போர்ட் லூயி துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய நம் ஆட்களைப் பதிவு செய்த அந்த இடம் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதற்குத் தனியாக ஒரு வார நாள் காலை வேண்டும். கொள்ளுத் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடுபவர்கள் அங்கிருந்து மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிலையத்துக்குப் போக வேண்டும். குடியேறியோர் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களைப் புரட்டுங்கள். முன்னோர் பெயரோடு குடியேறியவர் எண் என்று ஓர் எண் எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ராமசாமிகளும் முனியம்மாக்களும் பக்கம் பக்கமாக வருவார்கள், அதுவும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் விதவிதமாக.